"பேட் பாயை இறக்கு!" – வாசகர் கேள்வி பதில்

ஐயா, எங்கள் அலுவலக விநாடி வினாவில் 'தொழில்முறை பேஸ்பால் ஆட்டத்தில் ஆடிய மிக இளையவரின் வயது என்ன?' என்று கேட்டு, விடை 12 என்றார்கள். 12 வயதுப் பையனைச் சம்பளக்காரர்கள் ஆட்டத்தில் யார் சேர்ப்பார்கள் என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. பேச்சு முற்றிவிட்டது. யார் சொல்வது சரி? – விருதுநகர் வாசகர்

போய்ச் சமாதானம் பேசிவிடுங்கள். விடை 12தான். பையன் பெயர் ஜோ ரெலிஃபோர்ட்.

நாள் 1952 ஜூலை 19, சனிக்கிழமை. ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். இடம் அமெரிக்காவின் தெற்கே ஜார்ஜியா மாநிலத்தில் ஸ்டேட்ஸ்போரோ என்ற சிற்றூர். உள்ளூர் அணி ஸ்டேட்ஸ்போரோ பைலட்ஸ். எதிர்த்து ஆட வந்தது ஃபிட்ஸ்ஜெரால்ட் பயனியர்ஸ் என்ற இன்னொரு சிற்றூர் அணி. அந்த அணியின் பேட் பாய்தான் ஜோ. அடித்தவர் வீசிவிட்டு ஓடிய மட்டையைப் பொறுக்கிக்கொண்டு வருவது, அம்பயரிடம் புதுப் பந்தைக் கொடுப்பது, மூட்டை முடிச்சைத் தூக்குவது எல்லாம் பேட் பாயின் வேலை. பையன் கறுப்பினத்தவன். அணியில் இருந்தவர்கள் எல்லோரும் வெள்ளையர்கள். லீக்கில் இருந்தவர்களும் எல்லோரும் வெள்ளையர்கள்தான்.

பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ். 8ஆவது இன்னிங்ஸ் வந்தபோது ஃபிட்ஸ்ஜெரால்ட் 0, ஸ்டேட்ஸ்போரோ 13. கிரிக்கெட் கண்ணோடு பார்த்தால் 13 ஒன்றுமில்லை. பேஸ்பாலில் அது மானம் போகிற கணக்கு. ஆட்டம் செத்துவிட்டது, ஆனால் காசு கொடுத்து வந்த கூட்டம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. சும்மா இருக்குமா? முதலில் எங்கோ ஒரு மூலையில் ஒரு குரல்: "பேட் பாயை இறக்கு!" அப்புறம் இன்னொன்று. கொஞ்ச நேரத்தில் மைதானமே அதைத்தான் கத்தியது. நக்கல்தான், வேறென்ன? உங்கள் பெரியவர்களைவிட மட்டை தூக்குகிற பொடியன் நன்றாக ஆடுவான் என்கிற நக்கல்.

ஃபிட்ஸ்ஜெரால்டின் மேனேஜர் சார்லி ரிட்ஜ்வே. பேஸ்பாலில் மேனேஜர் என்றால் கோட்டு போட்டுக்கொண்டு மேலே அறையில் உட்காருகிறவர் இல்லை. ஆட்டக்காரர்களைப் போலவே சீருடை போட்டு, களத்தின் ஓரத்திலேயே நிற்பார். ஆளை மாற்றுவது அவர் அதிகாரம். அவர் அம்பயர் எட் கூபிக்கிடம் போய்க் கேட்டார். கூபிக் சரி என்றார். மட்டை பிடிக்க வேண்டியவர் ரே நிக்டிங், அணியில் நன்றாக அடிக்கிறவர்களில் ஒருவர். அவருக்குப் பதிலாக ஜோ போனான்.

பந்து எறிந்தவர் பையனாயிற்றே என்று கூடையில் போடுகிற மாதிரி எறிந்திருந்தால் இந்தக் கதைக்கு மரியாதை இல்லை. எறிந்தார், பையனும் அடித்தான். பந்து தரையோடு மூன்றாம் பேஸ் காவலரிடம் போனது, அவர் எடுத்து முதல் பேஸுக்கு, அதாவது அடித்தவர் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் இடத்துக்கு, எறிந்தார், பையன் அவுட். ஆனால் மட்டையில் பந்து பட்டது என்பதைக் கவனியுங்கள். நிறைய பெரியவர்களுக்கு அன்று அதுவே நடக்கவில்லை.

அத்தோடு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கலாம். பேஸ்பால் விதி விடாது. ஒருவருக்குப் பதிலாக மட்டை பிடித்தவர் அவருடைய இடத்தை எடுத்துக்கொள்கிறார், வெளியே போனவர் திரும்ப வர முடியாது. எனவே ஜோ ஃபீல்டிங்குக்கும் போனான். எல்லைச் சுவருக்குப் பக்கத்து அவுட்ஃபீல்டில் நிறுத்தினார்கள். அங்கே ஸ்டேட்ஸ்போரோ ஆள் ஒருவர் பலமாக அடித்த பந்தை ஓடிப்போய்ப் பிடித்துவிட்டான்.

ஸ்டேட்ஸ்போரோ கூட்டம் என்ன செய்தது தெரியுமா? தங்கள் ஊர்க்காரரை அவுட்டாக்கியவன், அதிலும் அந்தக் காலத்து ஜார்ஜியாவில் ஒரு கறுப்பினப் பையன். ஜனங்கள் களத்துக்குள் இறங்கி அவன் கால்சட்டைப் பையில் காசைத் திணித்தார்கள். முடிவு 13–0. ஸ்கோர் புக் எழுதிப் பழகியவன் நான். புத்தகத்தில் ஜோவுக்கு எதிரே வரப்போவது என்ன? மட்டை பிடித்தது 1, அடித்துப் பேஸ் சேர்ந்தது 0. பிடித்த கேட்ச் பக்கத்துக் கட்டத்தில் ஒரு சின்ன எண்ணாகப் போய்விடும். சட்டைப்பையில் விழுந்த காசுக்குக் கட்டமே கிடையாது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் என்பது எவ்வளவு பெரிய ஊர்? சின்ன ஊருக்குச் சம்பள அணி எப்படிக் கட்டுப்படியாகும்? – சிவகாசி வாசகர்

அப்போது சுமார் 8 ஆயிரம் பேர். ஊர் பிறந்த கதையே வேடிக்கையானது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்டு 30 வருஷம் கழித்து, 1895இல், இண்டியானாபொலிஸ்காரரான ஃபிலாண்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் என்ற பத்திரிகையாளர், வடபடையின் முன்னாள் சிப்பாய்களைக் கூட்டிக்கொண்டு போய்த் தெற்கின் நட்டநடுவில் குடியேற்றினார். தெற்கின் தலைவர் ஜெஃபர்சன் டேவிஸ் பிடிபட்ட இடம் அங்கிருந்து சில மைல் தூரம்தான். அங்கே வந்து தோற்றவர்களும் ஜெயித்தவர்களும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருந்தார்கள். தெருக்களில் ஒரு பாதிக்கு கிராண்ட், ஷெர்மன் என்று வடக்குத் தளபதிகள் பெயர், மறு பாதிக்கு லீ, ஜாக்சன் என்று தெற்குத் தளபதிகள் பெயர். இப்படிப்பட்ட ஊர் தன் அணிக்குப் பயனியர்ஸ், அதாவது முன்னோடிகள், என்று பெயர் வைத்ததில் தப்பில்லை.

அமெரிக்க பேஸ்பால் அப்போது ஏணிப்படி மாதிரி. உச்சியில் மேஜர் லீக், வெறும் 16 அணி. கீழே மைனர் லீக்குகள். அவற்றிலும் டிரிபிள் ஏ, டபுள் ஏ, ஏ, பி, சி என்று இறங்கிக்கொண்டே போய் அடியில் டி வகுப்பு. ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆடிய ஜார்ஜியா ஸ்டேட் லீக் டி வகுப்பு. 1948இல் ஆரம்பித்த லீக். டப்ளின், ஈஸ்ட்மன், டக்லஸ் என்று அதிலிருந்த ஊர்களை வரைபடத்தில் தேடினால் கண்ணாடி வேண்டும். ஹேஸில்ஹர்ஸ்ட், பாக்ஸ்லி என்ற இரண்டு ஊர்கள் தனித்தனியாக அணி வைக்க வசதியில்லாமல் சேர்ந்து ஒரே அணி வைத்திருந்தன.

கட்டுப்படியாச்சா என்றால், பல ஊரில் ஆகவில்லை. ஆட்டக்காரர்களுக்குச் சொற்பச் சம்பளம். ஊர் ஊராகப் போக ஒரு பழைய பஸ். தங்குவதற்கு ஊர்க்காரர்கள் வீட்டு மாடி அறை. ராத்திரி ஆட்டம் முடிந்து விடிய விடியப் பயணம், மறுநாள் மறுபடி ஆட்டம். எல்லாவற்றுக்கும் பணம் ஒரே ஒரு வாசலில் வந்தது, டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருகிற வாசலில். இதை மறந்துவிட்டு அந்த அணிகளின் எந்தக் கதையைப் படித்தாலும் புரியாது. சிற்றூர் அணிக்கு முதலாளி கூட்டம்தான்.

பதிவு இல்லாத பையனை ஆட விட்டது சட்டப்படி தவறுதானே? அம்பயரை வேலையிலிருந்து தூக்கினார்களாமே, அது சரிதானே? ஏன் எல்லோரும் இதை நிறவெறிக் கதையாக மட்டும் சொல்கிறீர்கள்? – சென்னையிலிருந்து ஒரு வழக்கறிஞர்

வக்கீல் சார், குறுக்கு விசாரணைக்கு நான் தயார்.

விதிப்படி தவறு. ஒப்பந்தம் போட்டுப் பதிவு செய்த ஆட்டக்காரர்தான் களமிறங்கலாம். பேட் பாய் பட்டியலில் இல்லை. லீக் நடவடிக்கை எடுத்தது: அம்பயர் கூபிக்குக்கு வேலை போனது. மேனேஜர் ரிட்ஜ்வேக்கு 50 டாலர் அபராதம், 5 ஆட்டத் தடை. பையனுக்கும் பேட் பாய் வேலை போனது.

இப்போது இன்னொரு வழக்கைத் தாக்கல் செய்கிறேன். அதற்குச் சரியாக 11 மாதம் முன்னால், 1951 ஆகஸ்ட் 19. மேஜர் லீக். செயிண்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் முதலாளி பில் வீக். கூட்டம் சேர்க்க எதையும் செய்கிற மனுஷர். 3 அடி 7 அங்குல உயரமுள்ள எடி கேடல் என்பவரை, முதுகில் 1/8 என்ற எண் போட்ட சட்டையோடு மட்டை பிடிக்க அனுப்பினார். குனிந்து நின்ற கேடலின் முழங்காலுக்கும் மார்புக்கும் நடுவில் பந்து எறிவது யாரால் முடியும்? பிட்சர், அதாவது பந்து எறிகிறவர், பாப் கெய்ன் எறிந்த 4 பந்தும் தலைக்கு மேலே. விதிப்படி கேடலுக்கு முதல் பேஸ் இலவசம். நடந்து போய் நின்றார், மாற்று ஓட்டக்காரர் வந்ததும் தொப்பியைத் தூக்கி ஆட்டிவிட்டுத் திரும்பினார். ஒப்பந்தத்தை வீக் ஒழுங்காகப் போட்டிருந்ததால் அம்பயரால் தடுக்க முடியவில்லை. அமெரிக்கன் லீக் தலைவர் வில் ஹாரிட்ஜ் மறுநாளே கேடலின் ஒப்பந்தத்தை ரத்து செய்தார். அன்று ஆட்டம் நடத்திய அம்பயர் வேலையில்தான் இருந்தார்.

"அங்கே காகிதம் இருந்தது, இங்கே இல்லை" என்பீர்கள். சரி, ஏற்றுக்கொள்கிறேன். அபராதத்துக்கு அது போதும். ஆனால் விதியை மீறியது யார்? சொன்னவர் மேனேஜர், அனுமதித்தவர் அம்பயர். போகச் சொன்ன இடத்துக்குப் போன பையனுக்கு எதற்கு வேலை போக வேண்டும்? அவன் எந்த விதியை மீறினான்? வெள்ளைப் பையன் ஒருவன் மட்டை பிடித்து அவுட்டாகியிருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு தமாஷ் துணுக்காக முடிந்திருக்கும் என்பது என் கட்சி.

அக்கம்பக்கத்தையும் பாருங்கள். அடுத்த வருஷம், 1953இல், ஆர்கன்ஸாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் அணி ஜிம் டகர்சன், லீயாண்டர் டகர்சன் என்ற இரண்டு கறுப்பினச் சகோதரர்களை ஒப்பந்தம் செய்தது. முறையான காகிதம், முத்திரை எல்லாம் உண்டு. அவர்கள் ஆடிய காட்டன் ஸ்டேட்ஸ் லீக் அணியையே விலக்கப் பார்த்தது. மைனர் லீக்குகளின் மேலிடம் அது செல்லாது என்றது. அப்படியும் மே 20 அன்று ஜிம் பந்தெறிய வந்து நின்றதும், அம்பயர் ஆட்டத்தை எதிரணிக்குத் தாரைவார்த்துவிட்டார். ஒரு பந்துகூட எறியவில்லை. பிறகு ஜிம்மை டென்னஸியில் நாக்ஸ்வில் அணிக்கு அனுப்பினார்கள். அந்த ஒரே சீசனில் 29 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தார். காகிதம் இருந்தால் மட்டும் என்ன நடந்தது என்று பார்த்தீர்களா?

அதே 1953இல் ஜார்ஜியாவின் சவானா, மேக்கன், ஆகஸ்டா மைதானங்களுக்கு எல்லாம் ஜாக்சன்வில் அணியோடு ஒரு 19 வயதுப் பையன் வந்து போய்க்கொண்டிருந்தான். அணியோடு ஹோட்டலில் தங்க முடியாது, உணவகத்தில் உட்கார முடியாது, பஸ்ஸிலேயே சாப்பாடு. மட்டைச் சராசரி .362, அதாவது ஆயிரம் முறை மட்டை பிடித்தால் 362 முறை அடித்துப் பேஸ் சேர்கிற கணக்கு. பெயர் ஹேங்க் ஆரன். பிற்காலத்தில் பழைய ஜாம்பவான் பேப் ரூத்தின் ஹோம் ரன் சாதனையைத் தாண்டியவர். ஹோம் ரன் என்றால் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அடித்து எல்லா பேஸையும் சுற்றி வருவது, நம் சிக்ஸர் மாதிரி.

ஜோவை வெளியே அனுப்பிய அதே ஜார்ஜியா ஸ்டேட் லீக்கில், மூன்றே வருஷம் கழித்து, சாண்டர்ஸ்வில் ஜயன்ட்ஸ் அணிக்கு ஆட வந்தார் 17 வயது வில்லி மெக்கோவி. 107 ஆட்டத்தில் 19 ஹோம் ரன். பின்னாளில் மேஜர் லீக்கில் 521. இன்று சான் பிரான்சிஸ்கோ மைதானத்துச் சுவருக்கு வெளியே இருக்கிற கடல் துண்டை அவர் பெயரால்தான் ஜனங்கள் கூப்பிடுகிறார்கள்.

ஸ்டேட்ஸ்போரோ கூட்டத்தைத் தூக்கி வைத்தும் பேச மாட்டேன். பையனை இறக்கச் சொன்னது கேலிக்காக. காசு கொடுத்தது கேட்ச் பிடித்த பிறகு. அந்த மைதானங்களில் கறுப்பினத்தவர் உட்கார இடம் தனி. அதையும் அதே கூட்டம்தான் ஏற்றுக்கொண்டிருந்தது.

பேஸ்பால் கிரிக்கெட்டைப் பார்த்துக் காப்பியடித்த ஆட்டம்தானே? இதற்கு இவ்வளவு பக்கமா? – 'கிரிக்கெட் வெறியன்', ஈரோடு

வெறியன் தம்பி, உலகின் முதல் சர்வதேச கிரிக்கெட் ஆட்டம் எங்கே நடந்தது? லார்ட்ஸ் என்று சொல்லிவிடாதீர்கள். 1844, நியூயார்க். அமெரிக்காவும் கனடாவும் ஆடின. நம் ஆட்டத்தையே அவர்கள்தான் முதலில் நாடு விட்டு நாடு ஆடினார்கள். பக்கத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்.

கூட்டம்தான் முதலாளி என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். டிக்கெட் வாங்குவதைத் தவிர கூட்டம் என்ன செய்தது? – திருநெல்வேலி வாசகி

அம்மா, நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். நேரடியாகச் சம்பளமே கொடுத்தது.

மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் பார்வையாளர்களைக் காக்கக் கோழிக்கம்பி வலை கட்டியிருப்பார்கள். உள்ளூர் ஆள் ஹோம் ரன் அடித்தால், ஜனங்கள் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டைச் சுருட்டி அந்த வலையின் ஓட்டைகளில் செருகுவார்கள். அடித்தவர் பேஸ்களைச் சுற்றி ஓடி முடித்ததும் நேராக வலைக்குப் போய், பூப்பறிக்கிற மாதிரி ஒவ்வொன்றாக உருவி எடுத்துக்கொள்வார். மேற்கு டெக்ஸஸ், நியூ மெக்ஸிகோ பக்கத்து லீக்குகளில் இது தினசரி வழக்கம். நன்றாக அடிக்கிறவருக்குச் சம்பளத்தைவிட வலைக்காசு அதிகம் தேறும்.

இதில் ராஜா ஜோ பௌமன். நியூ மெக்ஸிகோவின் ராஸ்வெல் ஊர். ஆமாம், பறக்கும் தட்டு விழுந்ததாக 1947இல் ஊரெல்லாம் பேசினார்களே, அதே ராஸ்வெல். அணியின் பெயர் ராக்கெட்ஸ். சி வகுப்பு லாங்ஹார்ன் லீக். 1954இல் பௌமன் 138 ஆட்டத்தில் 72 ஹோம் ரன் அடித்தார். சராசரி .400, அடித்துக் கொண்டுவந்த ரன் 224. அதற்கு முன் தொழில்முறை பேஸ்பாலில் யாரும் 69ஐத் தாண்டியதில்லை. அவரும் 69இல் வந்து நின்றார். சீசனின் கடைசி நாள் ஆர்டீசியா ஊரில் ஒரே நாளில் இரண்டு ஆட்டம். மூன்று அடித்துவிட்டார். 2001இல் பாரி பாண்ட்ஸ் 73 அடிக்கும் வரை 47 வருஷம் அதை யாரும் தொடவில்லை.

இவ்வளவு அடித்தவர் ஏன் மேலே போகவில்லை? பௌமன் ஊரில் பெட்ரோல் பங்க் நடத்தினார். மேல் வகுப்பு அணிக்குப் போனால் கிடைக்கிற சம்பளத்தை, பங்க் வருமானமும் வலைக்காசும் சேர்த்து வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தவர். ஹோம் ரன் அடித்தால் உள்ளூர் இறைச்சிக்காரர் பன்றித்தொடை ஒன்று கொடுப்பார், அது வேறு. மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே 2005இல் காலமானார். மைனர் லீக்குகளில் அதிக ஹோம் ரன் அடிப்பவருக்கு இன்று கொடுக்கும் பரிசு அவர் பெயரில்தான்.

பெரிய ஊரிலும் இதற்கு ஒரு உச்சம் நடந்தது. கேடலை இறக்கிய அதே பில் வீக், அதே வாரம், 1951 ஆகஸ்ட் 24 அன்று, ரசிகர்களிடம் 'ஆம்', 'இல்லை' என்று எழுதிய அட்டைகளைக் கொடுத்துவிட்டார். பிட்சரை மாற்றலாமா? ஓட விடலாமா? அட்டையைத் தூக்குங்கள். மேனேஜர் ஜாக் டெய்லர் ஆடும் நாற்காலியில் சாய்ந்து சுங்கான் பிடித்துக்கொண்டிருந்தார். தோற்பதையே தொழிலாக வைத்திருந்த பிரவுன்ஸ் அன்று 5–3 என்று ஜெயித்தது! நான் மேனேஜராக இருந்தால் மறுநாளே வேறு வேலை தேடியிருப்பேன்.

தாத்தா, மேஜர் லீக்கில் ஆடிய சின்னப் பையன் யார்? நான் 8ஆம் வகுப்பு. – தஞ்சாவூர் மாணவி

1900க்குப் பிறகு என்றால் ஜோ நக்ஸ்ஹால், கண்ணு. வயது 15. உன்னைவிட ஒன்றிரண்டு வகுப்புதான் மேலே இருந்திருப்பான். 1944 ஜூன் 10. இரண்டாம் உலகப் போருக்கு ஆட்டக்காரர்கள் போய்விட்டதால் அணிகளுக்கு ஆள் பஞ்சம். சின்சினாட்டி ரெட்ஸ் அவனைப் பந்தெறிய அனுப்பியது. முதலில் இரண்டு பேரை அவுட்டாக்கிவிட்டான். அப்புறம் நிமிர்ந்து பார்த்தால் அடுத்தடுத்து வருகிறவர்கள் செயிண்ட் லூயிஸ் கார்டினல்ஸின் ஜாம்பவான்கள். கை நடுங்கிவிட்டது. 5 பேருக்கு இலவச பேஸ், 2 அடி, 5 ரன். மூன்றாவது ஆளை அவுட்டாக்க முடியாமலே திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அணி 18–0 என்று தோற்றது. அந்தப் பையன் எட்டு வருஷம் கழித்து, 1952இல், மறுபடி மேஜர் லீக்குக்கு வந்து நல்ல பிட்சராக நின்று காட்டினான். நீ கணக்குப் பாடத்தில் சராசரி படிக்கும்போது, அவனுடைய 1944 சராசரி 67.50 எப்படி வந்தது என்று போட்டுப் பார். ஒரு இன்னிங்ஸில் மூன்றில் இரண்டு பங்குக்கு 5 ரன் என்றால் 9 இன்னிங்ஸுக்கு எவ்வளவு?

அப்படிப்பட்ட அணிகள் ஏன் நிலைக்கவில்லை? – மதுரை வாசகர்

முதலாளி வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

1949இல் அமெரிக்காவில் 59 மைனர் லீக்குகள், 400க்கு மேல் அணிகள். சீசனில் வந்த கூட்டம் சுமார் 4 கோடி. 1960களின் தொடக்கத்தில் லீக்குகள் 20க்கும் கீழே. கூட்டம் 1 கோடி அளவில். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் இவ்வளவு பெரிய கட்டடம் சரிந்ததற்குக் காரணமாக டிவியைச் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் டிவி எப்படி அடித்தது என்பதில்தான் விஷயம்.

முன்பு மேஜர் லீக் அணிகளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. இன்னொரு அணியின் ஊரைச் சுற்றி 50 மைலுக்குள், அந்த அணி ஆடுகிற நேரத்தில், தங்கள் ஆட்டத்தை ஒலிபரப்பக் கூடாது. வாசல் வசூலைக் காக்க வைத்த வேலி அது. வியாபாரத்தை முடக்குகிற ஏற்பாடு என்று மத்திய அரசின் நீதித்துறை நெருக்கியது. 1951 முடிவதற்குள் வேலியைப் பிடுங்கிவிட்டார்கள். 1953இல் ஏபிசி டிவி வாரம் ஒரு மேஜர் லீக் ஆட்டத்தை நேரடியாகக் காட்ட ஆரம்பித்தது. வர்ணனைக்கு டிஸ்ஸி டீன் என்ற பழைய பிட்சர். இலக்கணத்தைக் கொத்துக்கறி போட்டாலும் ஆளைச் சிரிக்க வைப்பார். மேஜர் லீக் நகரங்களில் மட்டும் அந்த ஒளிபரப்புக்குத் தடை. பெரிய அணிகளின் வசூல் கெடக் கூடாதாம். ஃபிட்ஸ்ஜெரால்ட் மாதிரி ஊர்களுக்குத் தடை ஏது? சனிக்கிழமை மத்தியானம் உலகத்தின் சிறந்த ஆட்டக்காரர்கள் கூடத்துக்கே வந்துவிட்டார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வரும். பலவானுக்குக் குடை, நோஞ்சானுக்கு மழை.

கூடவே குளிர்சாதனம் வந்தது. தெற்கின் வெயிலில் முன்பெல்லாம் ராத்திரி வீட்டுக்குள் இருக்க முடியாது. மைதானத்தில் விளக்கு வெளிச்சத்தில் காற்று வாங்கிக்கொண்டு ஆட்டம் பார்ப்பது ஒரு வடிகால். வீட்டில் ஏசி வந்தால் எதற்கு வெளியே போக வேண்டும்? போதாததற்கு, பெரிய அணிகள் சிறிய அணிகளைத் தங்கள் நாற்றங்காலாக வளைத்துப் போட்டன. நன்றாக ஆடுகிறவனை ஊர் கொண்டாடத் தொடங்கும்போதே மேல் வகுப்புக்குத் தூக்கிவிடுவார்கள். போன வருஷம் கைதட்டிய முகம் இந்த வருஷம் இல்லை.

ஃபிட்ஸ்ஜெரால்டும் லீக் மாறிப் பார்த்தது, பெரிய அணிகளின் பெயரைச் சட்டையில் போட்டுப் பார்த்தது, 1950கள் முடிவதற்குள் அணைந்துவிட்டது. அதன் பழைய ஜார்ஜியா ஸ்டேட் லீக் 1956 சீசனோடு சரி. 1963இல் வகுப்புகளைத் திருத்தியமைத்தபோது பி, சி, டி என்ற எழுத்துகளே எடுபட்டுப் போயின.

இப்போதும் அப்படிச் சிற்றூர் ஆட்டம் எங்காவது உண்டா? – கோவை வாசகர்

உண்டு, குறைந்துகொண்டே வருகிறது. 2021இல் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீக்குகளை முழுதாகத் தன் கைக்குள் கொண்டுவந்து, இணைப்பு அணிகளை 120 ஆகச் சுருக்கிவிட்டது. 40க்கு மேற்பட்ட அணிகள் வெளியே. சில மூடின, சில தனி லீக் பார்த்துக்கொண்டன, சில கல்லூரிப் பையன்களை வைத்துக் கோடை ஆட்டம் நடத்துகின்றன.

ஸ்டேட்ஸ்போரோவிலிருந்து ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் சவானா இருக்கிறது. அங்கிருந்த மைனர் லீக் அணி புது மைதானம் கேட்டுப் பார்த்து, கிடைக்காமல், 2015 சீசனோடு ஊரைவிட்டே போய்விட்டது. காலியான பழைய கிரேசன் மைதானத்தில் 2016இல் குடியேறியது சவானா பனானாஸ். மஞ்சள் சட்டை, நடனம், கூத்து. 2022 சீசனோடு லீக் ஆட்டத்தையே விட்டுவிட்டுத் தாங்களே எழுதிய தனி விதிப்படி மட்டும் ஆடத் தொடங்கினார்கள். ஆட்டம் 2 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. பார்வையாளர் பக்கம் பறக்கிற ஃபவுல் பந்தை ரசிகர் ஒருவர் தரையில் படாமல் பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். சட்டப்படி அவுட், வக்கீல் சார்! இப்போது மேஜர் லீக் மைதானங்களையே வாடகைக்கு எடுத்து நிரப்புகிறார்கள். பழைய ஆசாமிகள் சர்க்கஸ் என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் நடனம் கொஞ்சம் ஓவர்தான். அந்தக் கேட்ச் விதி மட்டும் பிடித்திருக்கிறது.

ஃபிட்ஸ்ஜெரால்ட் ஊருக்கு இன்று என்ன பெருமை? – திண்டுக்கல் வாசகி

கோழி.

சிரிக்காதீர்கள். 1960களில் ஜார்ஜியா மாநில அரசு, வேட்டைக்காரர்களுக்குப் புதுப் பறவை வேண்டுமென்று பர்மாவின் காட்டுக்கோழிகளைக் கொண்டுவந்து ஊருக்குச் சில மைல் தள்ளி ஆற்றங்கரைக் காட்டில் விட்டது. கோழிகளுக்குக் காடு பிடிக்கவில்லை. நடந்து நகருக்குள் வந்துவிட்டன. இன்று நூற்றுக்கணக்கில் தெருவெல்லாம் திரிகின்றன. போக்குவரத்து நின்று வழி விடுகிறது. வருஷா வருஷம் காட்டுக்கோழித் திருவிழா நடக்கிறது. கிராண்ட் தெருவில் முட்டையிட்டு லீ தெருவில் கூவுகின்றன. விடிகாலையில் அது கூவுவதைப் பற்றி ஊர்க்காரர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. உள்நாட்டுப் போருக்குப் பிறகு அந்த ஊரில் இத்தனை கடுமையான கட்சிப் பிரிவினை வந்ததில்லை என்று நினைக்கிறேன்.